தொழுகை: கைகளில் தொடங்கிய ஒரு சொல்

மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மலையாளி. திங்கட்கிழமை ஏன் வரவில்லை என்று கேட்டேன். "குருவாயூர்ல தொழான் போயி" என்றார். எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் தெற்கத்திக் கடற்கரை ஊர்க்காரர், முஸ்லிம். சோறு பிசைந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"குருவாயூர்லயா? தொழுகையா?"

"ஆமா, நிர்மால்யம் தொழுதேன், காலைல நடை திறந்ததும் கிடைக்கிற முதல் தரிசனம். விடிகாலை மூணு மணிக்கே க்யூ."

நண்பருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப நாங்க தொழுறதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்றார். "நிஸ்காரம்" என்று பதில் வந்தது.

நிஸ்காரம் என்பது வேறொன்றுமில்லை, நமஸ்காரம் என்ற வடசொல் பேச்சில் தேய்ந்து வந்த வடிவம். ஆக, தமிழ்நாட்டில் கோயிலுக்குப் போகிறவர் செய்வது நமஸ்காரம், பள்ளிவாசலுக்குப் போகிறவர் செய்வது தொழுகை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கோயிலுக்குப் போகிறவர் தொழுகிறார், பள்ளிவாசலுக்குப் போகிறவர் நிஸ்கரிக்கிறார். இரண்டு சொற்களும் வீடு மாற்றிக்கொண்டது போல இருக்கிறது. அன்று சாப்பிட்டு முடிப்பதற்குள் நாங்கள் இதைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை. மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்றைய தமிழில் தொழுகை என்றால் யாருக்கும் சந்தேகமில்லை. முஸ்லிம்கள் நாளுக்கு ஐந்து வேளை, குறித்த நேரத்தில், மக்காவிலுள்ள கஅபாவை நோக்கி நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து நிறைவேற்றும் கடமை அது. அரபியில் ஸலாத். பாரசீகத்திலும் உருதுவிலும் நமாஸ். தமிழ்நாட்டில் உருது பேசும் குடும்பங்கள் நமாஸ் என்றே சொல்வார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு, இலங்கையில் இருப்பவர்களுக்கும் சேர்த்து, அது தொழுகைதான்.

நாளிதழ்களைக் கவனித்தால் இந்தப் பிரிவு இன்னும் தெளிவாகத் தெரியும். கோயில் என்றால் "சிறப்பு வழிபாடு", தேவாலயம் என்றால் "சிறப்புப் பிரார்த்தனை", பள்ளிவாசல் என்றால் "சிறப்புத் தொழுகை". யாரும் உட்கார்ந்து விதி எழுதவில்லை. ஆனாலும் "தேவாலயத்தில் சிறப்புத் தொழுகை நடந்தது" என்று ஒரு செய்தி வந்தால் அச்சுப்பிழை என்றே நினைப்போம். சில நூற்றாண்டுகளுக்கு முன் இருந்த ஒரு தமிழருக்கு அதில் பிழையே தெரிந்திருக்காது என்பதுதான் வேடிக்கை.

சொல்லைப் பிரித்தால் தொழு + கை. இந்தக் கை, உடம்பில் இருக்கும் கை அல்ல. அழு என்பதிலிருந்து அழுகை, வா என்பதிலிருந்து வருகை, செய் என்பதிலிருந்து செய்கை வருகிறதே, அதே தொழிற்பெயர் விகுதி. பள்ளியில் இலக்கண வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தொழுகின்ற கை, அதனால் தொழுகை என்று நானாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

இலக்கணப்படி என் விளக்கம் தப்பு. ஆனால் சொல்லின் பழைய பொருளைப் பார்த்தால் கைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இருக்கத்தான் செய்கிறது. தொழுதல் என்பது முதன்மையாகக் கைகளின் வேலை.

இதற்கு நல்ல சாட்சி அப்பர். 7ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய திருஅங்கமாலையில் உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் கூப்பிட்டு ஒவ்வொரு வேலை கொடுக்கிறார். தலையைப் பார்த்து "தலையே நீ வணங்காய்" என்கிறார். கண்ணுக்குக் காணும் வேலை, செவிக்குக் கேட்கும் வேலை, வாய்க்கு வாழ்த்தும் வேலை, நெஞ்சுக்கு நினைக்கும் வேலை. கைகளுக்கு வரும்போது "கைகாள் கூப்பித் தொழீர்". எந்த வினை எந்த உறுப்புக்கு உரியது என்று அன்றைய தமிழர் காதுக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. வணங்குதல் என்றால் வளைதல், அது தலைக்கு. திருக்குறளின் முதல் அதிகாரத்திலும் "தாளை வணங்காத் தலை" என்று தலைக்குத்தான் வணங்குதல் வருகிறது. தொழுதல் கைக்கு.

ஆண்டாளும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறாள். திருப்பாவையின் ஐந்தாம் பாட்டில் "தூயோமாய் வந்துநாம் தூமலர் தூவித் தொழுது, வாயினால் பாடி, மனத்தினால் சிந்திக்க" என்கிறாள். பாடுவதற்கு வாய், சிந்திப்பதற்கு மனம் என்று கருவியைச் சொன்னவள், தொழுவதற்குக் கருவி சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, அது கை என்று எல்லாருக்கும் தெரியும். பூவைத் தூவிய அதே கை. அதற்கு முன் "தூயோமாய் வந்து" என்று ஒரு நிபந்தனை இருப்பதையும் பாருங்கள். குளித்துவிட்டு வந்துதான் தொழ வேண்டும். இந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

யாரைத் தொழுதார்கள்? கடவுளை மட்டுமா என்றால், இல்லை. பழந்தமிழில் இந்தச் சொல் மிகத் தாராளமாகப் புழங்கியது. குறுந்தொகை 178ஆம் பாட்டில் "தொழுதுகாண் பிறை" வருகிறது. தொழுதுகொண்டே பார்க்கப்படும் பிறை. தலைவனுக்கு அவள் அத்தனை அரியவளாக இருந்தாளாம், மூன்றாம் பிறை கண்ணில் பட்டது போல. 307ஆம் பாட்டில் பிறை உடைந்த வளையல் துண்டு போலச் செவ்வானத்தில் எழுகிறது, "பலர் தொழ". அந்தி வானத்தில் மெல்லிய கீற்றைத் தேடி, கண்டதும் கை குவிப்பது அன்றைய வழக்கம். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய மாலை மொட்டை மாடியில் ஏறிப் பிறை தேடுகிறவர்கள் பிறையைத் தொழுவதில்லை, அவர்களுக்குத் தொழுகை இறைவனுக்கு மட்டுமே உரியது. இருந்தாலும் அந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிக் கூட்டம்தான் நினைவுக்கு வரும்.

திருக்குறளில் தொழுதல் இன்னும் பல பக்கம் திரும்புகிறது. கொல்லாதவனை, புலால் மறுத்தவனை "கைகூப்பி எல்லா உயிரும் தொழும்" (260). உழுது உண்பவர்தான் வாழ்கிறவர், மற்றவரெல்லாம் "தொழுதுண்டு பின்செல் பவர்" (1033). இந்த இடத்தில் தொழுதல் பக்தி இல்லை, அடுத்தவனிடம் கைகட்டிப் பிழைப்பது. 828ஆம் குறள் இன்னும் கூர்மை: "தொழுதகை யுள்ளும் படையொடுங்கும்". பகைவன் கும்பிடுகிற கைக்குள்ளேயே கத்தி ஒளிந்திருக்கும். ஒரே நூலில் ஒரே சொல் பக்தியாகவும், பிழைப்பாகவும், வஞ்சகத்தின் முகமூடியாகவும் வருகிறது.

இதோடு உறவுள்ள இன்னொரு சொல் தொழும்பு. அடிமைத் தொண்டு என்று பொருள். திருவெம்பாவையில் பெண்கள் "தொழும்பாய்ப் பணி செய்வோம்" என்று பாடுவார்கள். தொழுபவர், தொழும்பர், இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஒரு சின்ன எச்சரிக்கை. மாட்டுத் தொழுவத்தையும் இந்தத் தொழுகையையும் சேர்த்து முடிச்சுப் போடுகிற கதைகள் அவ்வப்போது காதில் விழும். தொழு என்பதற்கு மாடு கட்டும் இடம் என்ற பொருளும் உண்டு. கலித்தொகையின் முல்லைப் பாடல்களில் காளையை அடக்கும் களத்துக்கே தொழூஉ என்றுதான் பெயர். கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற தொழுவமும் அதுதான். ஒலி ஒன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு பொருளை ஒட்டவைத்தால் எதை வேண்டுமானாலும் எதனுடனும் ஒட்டலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம். தொழுது, தொழீர், தொழும் என்று வினையாகத்தானே இதுவரை பார்த்தோம். தொழுகை என்ற பெயர்ச்சொல் எப்போது வந்தது, அது முஸ்லிம்கள் தங்களுக்காகப் புதிதாக ஆக்கிக்கொண்ட சொல்லோ என்று ஒருவர் கேட்கலாம். மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சியைத் திறந்து நான்காம் பாட்டைப் பாருங்கள். பெரும்பாலான அறிஞர்கள் அவரை 9ஆம் நூற்றாண்டில் வைக்கிறார்கள். திருப்பெருந்துறையில் விடியற்காலை. சன்னிதி வாசலில் கூட்டம் கூடுகிறது. வீணையும் யாழும் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், தோத்திரம் சொல்பவர்கள் ஒரு பக்கம், மலர் மாலையோடு நிற்பவர்கள் ஒரு பக்கம். அடுத்த வரி:

"தொழுகையர் அழுகையர் துவள்கையர் ஒருபால்"

தொழுபவர்கள், அழுபவர்கள், துவண்டு நிற்பவர்கள். அழுகையோடும் துவள்கையோடும் வரிசையில் நிற்பதால் இங்கும் கை என்பது விகுதிதான் என்று தெரிகிறது. மார்கழி முழுக்கக் கோயில் ஒலிபெருக்கியில் இந்த வரி வருகிறது. கேட்கிறவர்களில் எத்தனை பேர் "தொழுகையர்" என்ற இடத்தில் ஒரு நொடி நின்றிருப்பார்கள் என்று யோசிப்பேன்.

சரி, கோயில் வாசலில் நின்ற சொல் பள்ளிவாசலுக்குள் எப்படிப் போனது?

தமிழகக் கடற்கரையில் இஸ்லாம் வணிகர்கள் வழியாக வந்து வேர் பிடித்தபோது, புதிய கடமைகளுக்கு ஊரில் இருந்த பெயர்களையே வைத்தார்கள். நோன்பு என்ற சொல்லைப் பாருங்கள். ஆண்டாள் நோற்றது பாவை நோன்பு. ரமலான் மாதத்தில் இருப்பதும் நோன்பு. ஓதுதல் என்ற சொல்லைப் பாருங்கள். சிவன் கோயிலில் தேவாரம் பாடுபவர் ஓதுவார். குர்ஆனையும் ஓதுகிறோம் என்றுதான் தமிழ் முஸ்லிம் சொல்வார், படிக்கிறோம் என்று சொல்வது குறைவு. பள்ளி என்பது அதற்கு முன் சமணர், பௌத்தர் தங்கிய இடத்தின் பெயர். அதில் வாசல் சேர்ந்து பள்ளிவாசல் ஆயிற்று. இந்த வரிசையில்தான் தொழுகையும் வருகிறது.

எல்லாமே தமிழாகவும் இல்லை. தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவிச் சுத்தம் செய்வது ஒளு, அது அரபிச் சொல்லின் தமிழ் வடிவம். தொழுகைக்கு அழைக்கும் குரல் பாங்கு, அது குரல், கூவல் என்று பொருள்படும் பாரசீகச் சொல். மூன்று மொழிச் சொற்கள் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கும்: "பாங்கு சொல்லிட்டாங்க, ஒளு செஞ்சிட்டுத் தொழுவோம்." ஆண்டாள் சொன்ன "தூயோமாய் வந்து" இந்த வாக்கியத்தில் ஒளுவாக வந்து நிற்கிறது. தொழுவதற்கு முன் தண்ணீர் வேண்டும் என்பதை விளக்கத் தமிழ்ச் சமூகத்துக்கு யாரும் அதிகம் சிரமப்பட வேண்டியிருக்காது.

எழுத்திலும் இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன் உமறுப் புலவர் நபிகளின் வரலாற்றைக் காப்பியமாக்கிய சீறாப்புராணத்தில் ஒரு படலத்தின் தலைப்பே "தொழுகை வந்த வரலாற்றுப் படலம்".

நமாஸ் என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவாரசியம். அது அரபி அல்ல, இஸ்லாத்துக்கு முந்தைய பாரசீகம். வளைதல், பணிதல் என்ற பொருள் கொண்ட நம் என்னும் வேர் பாரசீகத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான பழைய சொத்து. ஒரு கிளையில் நமாஸ் ஆனது, இன்னொரு கிளையில் நமஸ், நமஸ்தே, நமஸ்காரம் ஆனது. ஆகவே மலையாள முஸ்லிம் "நிஸ்காரம்" என்பதும், லக்னோ முஸ்லிம் "நமாஸ்" என்பதும் ஒரே வேரின் இரண்டு துளிர்கள். தமிழ் முஸ்லிமின் தொழுகை மட்டும் வேறு மரம், திராவிட மரம். ஸலாத் என்ற அரபிச் சொல்லுக்கும் சிரியாக் மொழியில் இதே பொருளில் ஓர் உடன்பிறப்பு உண்டு. வழிபாட்டுச் சொற்கள் பொதுவாகவே நிறையப் பயணம் செய்கின்றன, வணிகரின் மூட்டை போல.

தொழுகையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் இந்தச் சொல் ஏன் அவ்வளவு பொருத்தம் என்பது புரியும். தொழுகையின் அலகு ரக்அத். விடியலுக்குரிய சுபுஹு தொழுகைக்குக் கட்டாயமானவை 2, நண்பகல் லுஹருக்கு 4, பிற்பகல் அஸருக்கு 4, சூரியன் மறைந்ததும் மஃரிபுக்கு 3, இரவு இஷாவுக்கு 4. மொத்தம் நாளுக்கு 17. வெள்ளிக்கிழமை லுஹருக்குப் பதில் ஜும்ஆ, அதில் 2.

ஒரு ரக்அத்தைப் பாருங்கள். முதலில் மனத்தில் எண்ணம் வைத்து கிப்லா, அதாவது கஅபா இருக்கும் திசை பார்த்து நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் இருந்தால் அது ஏறக்குறைய மேற்கு, சற்று வடக்கே சாய்ந்து. இரண்டு கைகளையும் காதளவு உயர்த்தி "அல்லாஹு அக்பர்" என்று சொல்லிக் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும். இதைத்தான் தக்பீர் கட்டுவது என்பார்கள். கட்டிய பிறகு பேச்சு இல்லை, திரும்பிப் பார்ப்பது இல்லை. குர்ஆனின் முதல் அத்தியாயமான, ஏழே வசனங்கள் கொண்ட ஃபாத்திஹாவை ஓத வேண்டும். பிறகு முழங்காலில் கை ஊன்றி முதுகு மட்டமாகக் குனிவது ருகூஉ. நிமிர்ந்து நின்று, அப்புறம் தரைக்கு இறங்குவது சுஜூது. அப்போது நெற்றி, இரண்டு உள்ளங்கை, இரண்டு முழங்கால், இரண்டு பாதங்களின் விரல்கள் என்று ஏழு உறுப்புகள் தரையில் பட வேண்டும். மூக்கும் நெற்றியோடு சேர்த்தி. எழுந்து உட்கார்ந்து, மறுபடி ஒரு சுஜூது. இது ஒரு ரக்அத். கடைசி ரக்அத்தில் உட்கார்ந்து ஓத வேண்டியதை ஓதிவிட்டு, வலப்பக்கமும் இடப்பக்கமும் முகம் திருப்பி ஸலாம் சொன்னால் தொழுகை முடிகிறது.

அப்பர் உறுப்பு உறுப்பாக வேலை பிரித்துக் கொடுத்தது நினைவிருக்கிறதா? இங்கும் உறுப்பு உறுப்பாக வேலை இருக்கிறது. ஒரு வேறுபாடு, பழைய தொழுதலில் இரண்டு உள்ளங்கைகளும் கூடும். இஸ்லாமியத் தொழுகையில் எந்த இடத்திலும் அப்படிக் கூப்புவது கிடையாது. கூப்பிய கையை விட்டுவிட்டு, உடம்பால் பணிதல் என்ற உட்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல் நகர்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம் பொருள் சுருங்கியும் இருக்கிறது. பிறையை, முனிவரை, அரசரைத் தொழுத காலம் போய், இறைவன் ஒருவனைத் தவிர யாரையும் தொழக்கூடாது என்று இறுகிவிட்டது.

புதிதாகக் கேட்பவர்கள் அடிக்கடி குழம்புவது ஒன்று உண்டு. தொழுகையும் பிரார்த்தனையும் ஒன்றா? ஒன்றல்ல. பிரார்த்தனை வடசொல், கேட்பது, வேண்டுவது என்று பொருள். பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், அம்மாவுக்குக் காய்ச்சல் குறைய வேண்டும் என்று எதையாவது கேட்டால் அது பிரார்த்தனை. முஸ்லிம்கள் அதற்குத் தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்: துஆ. அழைத்தல் என்று பொருள். தொழுது முடித்த பிறகு இரண்டு கைகளையும் ஏந்திக் கேட்பார்களே, அதுதான். அதனால் நண்பரிடம் "எங்க அம்மாவுக்காகத் தொழுகை செய்யுங்க" என்று சொல்லாதீர்கள், "துஆ செய்யுங்க" என்றால் அவருக்குச் சட்டென்று புரியும். தொழு என்ற வினையிலேயே கேட்கிற பொருள் கிடையாது. அதனால்தான் ஸலாத்துக்கு வேண்டுதல் என்றோ பிரார்த்தனை என்றோ பெயர் வைக்காமல் தொழுகை என்று வைத்தவர்கள் மொழி தெரிந்தவர்கள் என்று நினைக்கிறேன்.

ஜெபம் இன்னொரு வகை. வாய்க்குள் முணுமுணுப்பது என்பது அந்த வடசொல்லின் பொருள். மந்திரம் உருப்போடுவதும் ஜெபம், கிறிஸ்தவர்கள் செய்வதும் ஜெபம். கத்தோலிக்கர் செபம் என்று எழுதுவார்கள். ஆனால் தமிழ் விவிலியம் தொழுதலைக் கைவிடவில்லை. யோவான் 4ஆம் அதிகாரத்தில் "அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்" என்று சீர்திருத்தச் சபைகளின் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. கேட்பதும் பேசுவதும் ஜெபம், பணிவது தொழுதுகொள்ளுதல் என்று அங்கும் கோடு சரியாக விழுந்திருக்கிறது.

இந்துக்களின் பேச்சில்தான் தொழுதல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. "கோயிலுக்குப் போய்த் தொழுதுட்டு வந்தேன்" என்று இன்று தமிழ்க் குடும்பங்களில் சொல்வது அரிது, சாமி கும்பிட்டு வந்தேன் என்றுதான் வரும். கும்பிடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. மலையாளம் பழையதை விடாமல் வைத்திருக்கிறது, அதனால்தான் அன்று மதியம் அந்தச் சிரிப்பு. வணக்கத்துக்கு நேர்ந்தது இன்னும் விநோதம். வளைதல் என்ற பொருளில் தொடங்கி, பணிதல் ஆகி, கடைசியில் அலுவலகத்தில் மின்தூக்கிக் கதவு திறக்கும்போது சொல்கிற முகமன் ஆகிவிட்டது. தமிழ் முஸ்லிம்களின் சமயப் பேச்சில் அது இன்றும் இறைவணக்கம் என்ற கனமான பொருளில் நிற்கிறது. சிலர் மனிதருக்கு வணக்கம் சொல்லத் தயங்குவதற்கு அதுதான் காரணம், அகந்தையில்லை.

பயன்பாட்டில் சில நுணுக்கங்கள். தொழுகை "செய்கிறார்" என்பதைவிடத் "தொழுகிறார்" என்பது இயல்பு. முன்னால் நின்று நடத்தும் இமாம் "தொழ வைக்கிறார்". நேரம் தவறிய தொழுகையைப் பிறகு நிறைவேற்றுவது களா. கூட்டாகத் தொழுவது ஜமாஅத். விடாமல் தொழுகிறவர் தொழுகையாளி. "அஞ்சு வேளை தொழுறவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதில் நேரம் தவறாதவர், வார்த்தை மாறாதவர் என்ற மதிப்பும் சேர்ந்திருக்கும். கடன் கொடுக்கும் முன் விசாரிக்கிற இடத்தில்கூட இந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸா தொழுகையில் குனிதலும் தரையில் நெற்றி வைத்தலும் இல்லை, நின்றபடியே முடிந்துவிடும். பெயர் மட்டும் அதுவும் தொழுகைதான். பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாதவர் படுத்துத் தொழலாம்.

இந்தக் கடைசி விதியை நான் நேரில் பார்த்தது அதே நண்பரின் ஊரில். அவருடைய வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு ஆண்டு. உடம்பின் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, இடக்கையும் போர்வையை இழுக்கும் அளவுக்குத்தான் அசையும். மாலையில் அவரைப் பார்க்கப் போனோம். மஃரிப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கட்டிலை மேற்குப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறார் என்று நினைத்து நான் திரும்பிப் போகப் பார்த்தேன். தலை தலையணையில் ஒரு விரற்கடை அளவுக்கு முன்னால் அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது, இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக. போர்வைக்கு மேல் இரண்டு கைகளும் அசையாமல் கிடந்தன.

நண்பரின் உம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சத்தமில்லாமல் எங்களுக்கு நாற்காலியைக் காட்டினார்.

"கொஞ்சம் இருங்க தம்பி, தொழுதுக்கிட்டு இருக்காங்க."